யார் பெரிய பாக்ஸர்? வேறு வேறு காலத்து வீரர்களை ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகமது அலியா மைக் டைசனா என்று ஆரம்பிக்கிற பேச்சு, கடைசியில் யார் சத்தமாகப் பேசுகிறார் என்பதில்தான் பெரும்பாலும் முடிகிறது. எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே அதை ஒழுங்காகப் பேச வேண்டும் என்று ஆசை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எல்லாக் காலத்துக்கும் சேர்த்து முதல் இடம் யாருக்கு?

சுகர் ரே ராபின்சனுக்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1940-ல் தொழில்முறைக் களத்துக்கு வந்து 1965 வரை சண்டை போட்டவர். வெல்டர்வெயிட்டில் (66 கிலோ எடைப் பிரிவு) உலகச் சாம்பியன், அப்புறம் மிடில்வெயிட்டில் (72 கிலோ) ஐந்து முறை உலகச் சாம்பியன். 174 வெற்றிகள், அதில் 109 நாக் அவுட். இந்த எண்களை மறந்துவிட்டுப் பழைய படங்களை மட்டும் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவேன். பின்னால் போய்க்கொண்டே ஆளை விழவைக்கிற குத்து விட அவருக்குத் தெரியும். இரண்டு கையிலும் பலம், காலில் நாட்டியம், அடி வாங்கினால் தாங்கும் தாடை. இதில் இரண்டு இருந்தாலே ஒருவர் சாம்பியன் ஆகிவிடலாம்.

எல்லாவற்றிலும் கனமான பிரிவான ஹெவிவெயிட் மட்டும் என்றால் முகமது அலி, அடுத்து ஜோ லூயிஸ். லூயிஸ் 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 முறை காப்பாற்றினார். அந்த எண்ணிக்கையை ஹெவிவெயிட்டில் இன்று வரை யாரும் தொடவில்லை. இருந்தும் அலியை முன்னால் வைப்பதற்குக் காரணம் அவர் ஜெயித்த ஆட்கள். லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன் மூன்று பேருமே அவரவர் நாளில் எந்தக் காலத்துச் சாம்பியனையும் வீழ்த்தக்கூடியவர்கள்.

‘பவுண்டுக்குப் பவுண்டு’ என்கிறார்களே, அது என்ன?

எடையை மறந்துவிட்டுத் திறமையை மட்டும் ஒப்பிடுவது. எல்லோரும் ஒரே எடை, ஒரே உயரம் என்று வைத்துக்கொண்டால் யார் மேல் என்ற கேள்வி. அந்தச் சொல் ராபின்சனைச் சொல்லிச் சொல்லித்தான் ஊர் முழுக்கப் பரவியது. ஜோ லூயிஸ் போன்ற ஒரு ஹெவிவெயிட் நிஜமான வளையத்தில் அவரை அடித்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இவர்தான் சிறந்தவர் என்று சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது.

ராபின்சன் 19 முறை தோற்றிருக்கிறார். ஃப்ளாய்ட் மேவெதர் 50-க்கு 50 வெற்றி. தோற்காதவர்தானே பெரியவர்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 19 தோல்வியும் எப்போது வந்தன என்று பாருங்கள். 1952 கடைசியில் ராபின்சன் ஓய்வு அறிவித்தபோது அவர் தோற்றது மூன்றே முறை. மற்ற 16 தோல்வியும் 1955-ல், 33 வயதில், மறுபடி வளையத்துக்குத் திரும்பிய பிறகு வந்தவை. 44 வயது வரை அவர் நிறுத்தவில்லை.

அந்த முதல் மூன்று தோல்விகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட். அப்போது அவர் 40-க்கு 40 ஜெயித்திருந்தார். தொழிலுக்கு வந்து இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை. எதிரில் ஜேக் லமோட்டா, இவரைவிட ஏழு கிலோ அதிகம். ராபின்சன் தோற்றார். இன்றைக்கு ஒரு நட்சத்திரம் இப்படித் தோற்றால் ஒரு வருஷம் ஆளைக் காண முடியாது. ராபின்சன் பிப்ரவரி 19-ல் நியூயார்க்கில் ஜாக்கி வில்சனோடு மோதி ஜெயித்தார். பிப்ரவரி 26-ல் மறுபடி டெட்ராய்ட்டுக்கே போய், அதே லமோட்டாவோடு மோதி ஜெயித்தார். மூன்று வாரத்தில் மூன்று சண்டை, அதில் இரண்டு தன்னைவிடப் பெரிய, தன்னைத் தோற்கடித்த அதே ஆளோடு. மொத்தம் ஆறு முறை இருவரும் மோதினார்கள், ஐந்தில் ராபின்சன் ஜெயித்தார்.

இரண்டாவது தோல்வி 1951 ஜூலையில் லண்டனில், ராண்டி டர்பினிடம். அன்று வளையத்தில் ஏறும்போது ராபின்சனின் கணக்கு 128 வெற்றி, 1 தோல்வி, 2 டிரா. இரண்டு மாதம் கழித்து நியூயார்க்கில் பத்தாவது ரவுண்டில் டர்பினை நிறுத்திப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

மூன்றாவது ஜோயி மேக்ஸிமிடம், 1952 ஜூன், யாங்கி ஸ்டேடியம். இது லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை, அதாவது மறுபடி தன்னைவிட ஏழு கிலோ கனமான ஆள். வளையத்தருகே வெப்பம் 40 டிகிரி செல்சியஸ். பத்தாவது ரவுண்டோடு ரெஃபரி ரூபி கோல்ட்ஸ்டீன் வெப்பம் தாங்காமல் ஓய்ந்துபோய், அவருக்குப் பதில் வேறு ரெஃபரி ஏற வேண்டியிருந்தது. புள்ளியில் ராபின்சன்தான் முன்னணி. 13-வது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவரைச் சாய்த்தது மேக்ஸிமின் குத்து அல்ல, அந்த ராத்திரியின் வெக்கை. ஏட்டில் அது தோல்வி. எனக்கு அது அவருடைய துணிச்சலின் கணக்கு.

மேவெதரைக் குறைத்துச் சொல்லவில்லை. தற்காப்பில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. கோரலெஸ், ஹாட்டன், கனேலோ எல்லாம் நல்ல வெற்றிகள். ஆனால் 1996 முதல் 2017 வரை 50 சண்டை, அதில் ஐம்பதாவது கோனர் மெக்ரெகரோடு, மெக்ரெகருக்கு அது முதல் தொழில்முறைக் குத்துச்சண்டை. தோற்காமல் இருப்பதற்கு இரண்டு வழி உண்டு: எல்லோரையும் ஜெயிப்பது ஒன்று, யாரை எப்போது சந்திப்பது என்று தேர்ந்தெடுப்பது இன்னொன்று. மேவெதர் இரண்டையும் செய்தார். ராபின்சனின் காலத்தில் இரண்டாவது வழி திறந்தே இருக்கவில்லை, மாதத்துக்கு இரண்டு சண்டை போட்டால்தான் வண்டி ஓடும்.

ஓட்டம், நீச்சல் எல்லாவற்றிலும் பழைய சாதனைகள் உடைந்துவிட்டன. குத்துச்சண்டையில் மட்டும் பழையவர்கள் எப்படிச் சிறந்தவர்களாக இருக்க முடியும்?

நியாயமான கேள்வி. ஓட்டத்தில் எதிரி கடிகாரம். நல்ல பாதை, நல்ல ஷூ, நல்ல சாப்பாடு எல்லாம் நேராக நொடிகளில் தெரியும். குத்துச்சண்டையில் எதிரி ஆள், அவனும் யோசிக்கிறான். எதிராளி தோளை அசைக்கும் முன்பே எந்தக் கை வரும் என்று படிக்கத் தெரிய வேண்டும். அது பயிற்சி மேசையில் வராது, சண்டை போட்டுப் போட்டுத்தான் வரும்.

ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1937-ல் மட்டும் 27 சண்டை போட்டு 27-லும் ஜெயித்தார், 26 நாக் அவுட். வில்லி பெப் தன் வாழ்க்கையில் 229 சண்டை ஜெயித்தார். இன்றைய உச்ச வீரர் வருஷத்துக்கு இரண்டு சண்டை போட்டாலே அதிகம். இசைக் கச்சேரியோடு ஒப்பிட்டால் புரியும்: ஒருவர் வருஷத்துக்கு இரண்டு மேடை ஏறுகிறார், இன்னொருவர் மாதத்துக்கு இரண்டு. முதலாமவர் வீட்டில் எவ்வளவு சாதகம் செய்தாலும், சபையில் தடுமாறினால் எப்படிச் சமாளிப்பது என்று இரண்டாமவருக்குத்தான் அதிகம் தெரியும்.

இந்தக் காலத்து ஆட்களுக்கும் அனுகூலங்கள் உண்டு. எதிராளியின் எல்லா சண்டைகளையும் படமாகப் பார்த்துத் தயாராகலாம். காயம் ஆறிய பிறகு ஏறலாம். ரஷ்யா, உக்ரைன், ஜப்பான், மெக்ஸிகோ என்று உலகம் முழுவதிலிருந்தும் திறமை வருகிறது. ஆகவே சிறிய எடைகளில் பழையவர்களுக்கு என் ஓட்டு, ஹெவிவெயிட்டில் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

ஏன் ஹெவிவெயிட்டில் மட்டும் யோசிக்க வேண்டும்?

மற்ற எடைகளில் 66 கிலோ என்றால் 1940-லும் 66 கிலோதான். ஹெவிவெயிட்டுக்கு மேல் வரம்பு கிடையாது. ராக்கி மார்சியானோ சாம்பியனாக இருந்தபோது அவர் எடை 84 கிலோ சுமார். 2024 டிசம்பரில் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கோடு மறுசண்டைக்கு ஏறிய டைசன் ஃப்யூரி 127 கிலோ. நாற்பது கிலோவுக்கும் மேல் வித்தியாசம். மார்சியானோ இன்றிருந்தால் ஹெவிவெயிட்டில் சண்டை போடவே விடமாட்டார்கள், அதற்குக் கீழே உள்ள குரூஸர்வெயிட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சரி, அப்படியானால் பெரிய உடல்தான் ஜெயிக்கும் என்று முடிவு கட்டலாமா? அந்த டிசம்பர் சண்டையிலேயே பதில் இருக்கிறது. எதிரில் நின்ற உசிக் 102 கிலோ. 25 கிலோ குறைவு, ஒரு தலை குள்ளம். இரண்டாவது முறையாக ஃப்யூரியைப் புள்ளியில் ஜெயித்தார். கால் வேலை தெரிந்த, 100 கிலோவைத் தொடும் ஆள் எந்தப் பெரிய உடலையும் வேலை வாங்க முடியும். அலி 95 முதல் 100 கிலோ வரை இருந்தவர். அதனால் அலியை இந்தக் காலத்தில் கொண்டுவந்து விட்டாலும் எனக்குக் கவலை இல்லை. மார்சியானோவைக் கொண்டுவந்தால் கவலைதான், அவ்வளவு பிடிக்கும் எனக்கு அவரை.

அலியா, டைசனா?

எந்த அலி, எந்த டைசன் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். 1986-ல் 20 வயதில் பட்டம் வாங்கி 1988 வரை ஓடிய டைசன்தான் உச்சத்து டைசன். அலிக்கு என்னைக் கேட்டால் 1966 நவம்பர், ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸோடு மோதிய ராத்திரி. மூன்றே ரவுண்டு. அந்த ராத்திரி அவர் மேல் சரியாக ஒரு குத்து விழுந்ததாக எனக்கு நினைவில்லை. அதற்கு ஆறு மாதத்துக்குள் ராணுவத்தில் சேர மறுத்து, பட்டமும் உரிமமும் பறிபோய், 25 வயது முதல் 28 வயது வரை மூன்றரை வருஷம் அவரால் வளையத்தில் ஏற முடியவில்லை. ஃப்ரேசியரோடும் ஃபோர்மனோடும் மோதிய அலி, கால் வேகம் குறைந்த பிறகு தாடையையும் மூளையையும் வைத்து ஜெயித்த அலி. அவருடைய உச்சத்தின் நடுப்பகுதியை யாருமே பார்க்கவில்லை.

டைசனைத் தோற்கடிக்கும் வழியை 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் காட்டிவிட்டார்: உயரமான ஆள், ஓயாத ஜாப் (முன்கையால் நேராக விடும் வேகக் குத்து), அருகில் வந்தால் கட்டிப்பிடி, பயப்படாதே. இந்த நான்கும் அலியிடம் உண்டு. முதல் நான்கு ரவுண்டு அலிக்கு ஆபத்து, அதற்கப்புறம் அலி. இது என் தீர்ப்பு.

ஒரு சின்னச் செய்தி. 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்த்த ஊர் அது, அவரை வந்து பார்க்காமல் இருக்குமா? ஆனால் அவர்கள் பார்த்தது 38 வயது அலி. அதே வருஷம் அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அவரைப் பத்து ரவுண்டு அடித்த அடியை இன்றும் என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

விதிகள் மாறியது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். இதைப் பேசாத ஒப்பீடு எல்லாம் அரைகுறைதான். பட்டச் சண்டைகள் பல பத்தாண்டுகள் 15 ரவுண்டாக இருந்தன. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ 14-வது ரவுண்டில் விழுந்து, சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகு உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. 12 ரவுண்டாகக் குறைத்தது, 1980களின் முடிவுக்குள் மற்ற அமைப்புகளும் வந்து சேர்ந்தன. சரியான முடிவு. எந்தச் சண்டை ரசிகனும் அந்த மூன்று ரவுண்டைத் திரும்பக் கேட்கக் கூடாது.

ஆனால் வரலாற்றைப் படிக்கும்போது அந்த மூன்று ரவுண்டை நினைவில் வைக்க வேண்டும். 1941-ல் பில்லி கான், ஜோ லூயிஸை 12 ரவுண்டு முடிவில் புள்ளியில் முந்தியிருந்தார். 13-வது ரவுண்டில் நாக் அவுட் ஆனார். 1952-ல் ஜெர்சி ஜோ வால்காட் மூன்று நடுவர்களின் ஏட்டிலும் மார்சியானோவை முந்தியிருந்தார். 13-வது ரவுண்டில் மார்சியானோவின் வலது கை விழுந்தது. 1981-ல் தாமஸ் ஹெர்ன்ஸ், சுகர் ரே லெனார்டை முந்தியிருந்தார். 14-வதில் லெனார்ட் நிறுத்தினார். மூன்றும் இன்றைய 12 ரவுண்டில் நடந்திருந்தால் கான் சாம்பியன், வால்காட் சாம்பியன், ஹெர்ன்ஸ் சாம்பியன். மார்சியானோவின் அந்தப் புகழ்பெற்ற 49-0, 48-1 ஆகியிருக்கும்.

இப்படிச் சொன்னால் மார்சியானோவைக் குறைக்கிறேன் என்று சண்டைக்கு வருகிறார்கள். இல்லை. அவருக்கு 15 ரவுண்டு என்று தெரியும், அதற்கேற்ற மாதிரி ஓடினார், மூச்சைச் சேமித்தார். ஓட்டப்பந்தய தூரம் தெரிந்துதான் ஓடுகிறவன் வேகத்தை வைத்துக்கொள்கிறான்.

இன்னும் பின்னால் போனால் வேறு உலகம். 1910-ல் ரீனோவில் ஜாக் ஜான்சனும் ஜெஃப்ரீஸும் மோதிய சண்டைக்குக் குறித்த தூரம் 45 ரவுண்டு. 1919-ல் ஜாக் டெம்ப்சி, ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே நின்று, ஆள் எழுந்ததும் அடித்தார். அன்றைக்கு அது தப்பில்லை. 1927-ல் ஜீன் டன்னியோடு மோதியபோது, இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போனால்தான் ரெஃபரி எண்ணத் தொடங்குவார் என்ற விதி வந்திருந்தது. பழக்கதோஷத்தில் டெம்ப்சி அங்கேயே நின்றார். டன்னிக்குக் கூடுதலாகச் சில நொடிகள் கிடைத்தன, எழுந்தார், ஜெயித்தார்.

எடை பார்க்கும் முறை எப்படி மாறியது?

முன்பு சண்டை நாளன்று காலையில் எடை பார்ப்பார்கள். 66 கிலோ என்று ஏறினால் ராத்திரியும் ஏறக்குறைய 66 கிலோதான். இப்போது முந்தின நாளே பார்த்துவிடுகிறார்கள். உடம்பில் உள்ள தண்ணீரை வற்ற வைத்து எடை காட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்கக் குடித்துச் சாப்பிட்டு ஏற்றிக்கொள்கிறார்கள். 2000 பிப்ரவரியில் ஆர்டுரோ காட்டி, ஜோயி கமாஷ் சண்டையை நினைத்துப் பாருங்கள். தராசில் 64 கிலோ இருந்த ஆர்டுரோ காட்டி, சண்டை ராத்திரி 72 கிலோவுக்கு மேல் இருந்தார். கமாஷ் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார், அதற்குப் பிறகு அவர் சண்டையே போடவில்லை.

ஆகவே ‘ராபின்சன் இன்றைய வெல்டர்வெயிட்டுகளை விடச் சின்ன உடல்’ என்று சொல்கிறவர்கள், இன்றைய ஆளையும் சண்டை நாள் காலையில் தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பலர் அந்தப் பிரிவிலேயே நிற்க முடியாது.

இப்போது நான்கு, ஐந்து எடைகளில் சாம்பியன் ஆகிறார்கள். பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ் எட்டு எடையில். அதுதானே உச்சம்?

பாக்கியாவ் எனக்கு மிகப் பிடித்தவர். 1998-ல் 51 கிலோவில் உலகப் பட்டம் வாங்கியவர் 2010-ல் 68 கிலோ வரம்பில் மார்கரிட்டோவை அடித்தார். நடுவில் டி லா ஹோயா, கோட்டோ. 2019-ல் 40 வயதில் தோல்வி காணாத கீத் தர்மனை ஜெயித்தார். எந்தப் பட்டியலிலும் முதல் இருபதுக்குள் அவர் இருக்க வேண்டும்.

ஆனால் எட்டு என்ற எண்ணை ஆம்ஸ்ட்ராங்கின் மூன்றோடு நேராக ஒப்பிடக் கூடாது. 1938-ல் இருந்ததே எட்டு எடைப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரே சாம்பியன். அதாவது உலகத்தில் எட்டுச் சாம்பியன்தான். அந்த எட்டில் மூன்று பட்டங்களை ஆம்ஸ்ட்ராங் ஒரே நேரத்தில் வைத்திருந்தார்: ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட். 1940-ல் நாலாவதாக மிடில்வெயிட்டுக்கும் மோதி டிரா செய்தார். இன்று பிரிவுகள் 17, அமைப்புகள் நான்கு. பெருக்கிப் பாருங்கள். ஆம்ஸ்ட்ராங் செய்ததை இனி யாரும் செய்ய முடியாது. திறமை இல்லாததால் அல்ல, அந்த அமைப்பே இப்போது இல்லை.

பழைய படங்களைப் பார்த்தால் பொம்மை மாதிரி துள்ளுகிறார்கள். அவர்களையா பெரியவர்கள் என்கிறீர்கள்?

அது ஆட்களின் தப்பில்லை, படத்தின் தப்பு. மௌனப்பட காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள், நொடிக்கு 16, 18 படச்சட்டங்கள் (ஃப்ரேம்கள்) தான் பதிவாகும். அதையே 24 படச்சட்ட வேகத்தில் ஓட்டினால் யாராக இருந்தாலும் துள்ளத்தான் செய்வார்கள். வேகத்தைச் சரிசெய்த பிரதியில் ஜாக் ஜான்சனைப் பாருங்கள். எதிராளி குத்து விட நினைக்கும்போதே அவன் முழங்கை மடிப்பில் உள்ளங்கையை வைத்து அணைத்துவிடுவார். குத்து பிறக்கவே பிறக்காது.

படமே இல்லாதவர்களும் உண்டு. ஹாரி கிரெப் 300 சண்டைகள் வரை போட்டவர். 1919-ல் மட்டும் 45. பிட்ஸ்பர்க் ஊர்க்காரர், மிடில்வெயிட் உடல். 1922-ல் தன்னைவிட ஐந்து கிலோ கனமான ஜீன் டன்னியை 15 ரவுண்டு வெளுத்து வாங்கினார். டன்னி வாழ்நாளில் தோற்ற ஒரே சண்டை அது. அதற்குள் கிரெப்புக்கு ஒரு கண் பார்வை போய்விட்டது, யாரிடமும் சொல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு சண்டைக்குக்கூடப் படம் கிடைக்கவில்லை, பயிற்சி செய்யும் சில நிமிடங்கள்தான் மிச்சம். அவர் சண்டை போட்ட பல ஊர்களில் அன்று சட்டப்படி தீர்ப்பே சொல்லக் கூடாது. இருவரும் கடைசி வரை நின்றால் முடிவு இல்லை, மறுநாள் பத்திரிகையில் நிருபர் எழுதுவதுதான் தீர்ப்பு. இப்படிப்பட்டவரை எங்கே வைப்பது? நான் இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். பார்க்காதவரை இவ்வளவு மேலே வைக்கலாமா என்று கேட்டால், டன்னியைப் பார்த்திருக்கிறேன், டெம்ப்சியை இரண்டு முறை ஜெயித்தவர் டன்னி. அவரை அப்படி அடித்தவர் எவ்வளவு பெரியவராக இருந்திருக்க வேண்டும்!

நிறவெறியால் வாய்ப்புக் கிடைக்காதவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

பட்டங்களை மட்டும் எண்ணினால் அநியாயம் செய்தவர்களின் கணக்கையே நாமும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். 1915-ல் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்தார். அடுத்த கறுப்பின வீரர் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்புக் கிடைத்தது 1937-ல், ஜோ லூயிஸுக்கு. 22 வருஷம்! அந்த இடைவெளியில் ஹாரி வில்ஸ் காத்திருந்தே வயதானார், டெம்ப்சியோடு சண்டை நடக்கவே இல்லை.

சாம் லாங்ஃபோர்டு இன்னும் கொடுமை. ஐந்தடி ஏழு அங்குலம். லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட்டுகளை வீழ்த்தியவர். உலகப் பட்டம் கைக்கு வரவே இல்லை. ஜான்சனே சாம்பியன் ஆன பிறகு அவருக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை. 1940களில் சார்லி பர்லி. ஆர்ச்சி மூரை ஜெயித்தவர், மூரே மெச்சியவர். பட்டத்துக்கு ஒரு முறைகூட அழைக்கப்படாமல், பிட்ஸ்பர்க்கில் குப்பை வண்டி வேலைக்குப் போனார். என் பட்டியலில் லாங்ஃபோர்டு முதல் பத்தில் இருக்கிறார். பட்டம் இல்லையே என்று யாராவது சொன்னால், அந்தப் பட்டம்தான் அவரிடம் வராமல் ஓடியது என்பேன்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1967-ல் மர்ரி வொரோனர் என்பவர் பழைய, புதிய ஹெவிவெயிட்டுகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்து வானொலியில் கற்பனைப் போட்டித் தொடர் நடத்தினார். அலி, ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக வந்தது. அலி கோபப்பட்டு பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பிறகு சமாதானமாகி, 1969-ல் ஓய்வு பெற்ற மார்சியானோவும் தடையில் இருந்த அலியும் கேமரா முன் நிஜமாகவே பல ரவுண்டுகள் ஆடினார்கள், பல விதமான முடிவுகளையும் படம் பிடித்து வைத்தார்கள். மார்சியானோ எடையைக் குறைத்து, விக் வைத்துக்கொண்டு வந்தார். 1970 ஜனவரியில் திரைக்கு வந்தபோது அமெரிக்காவில் 13-வது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார், ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் அலி ஜெயித்தார். மார்சியானோ அந்த முடிவைப் பார்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31-ல், 46-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், விமான விபத்தில் இறந்துவிட்டார்.

இரண்டு காலத்தையும் நிஜமாக இணைக்கிற ஆள் யாராவது உண்டா?

உண்டு, ஜார்ஜ் ஃபோர்மன். 1973-ல் ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தினார். 1974-ல் கின்ஷாசாவில் அலியிடம் தோற்றார். 1991-ல் 42 வயதில், உச்சத்தில் இருந்த ஹோலிஃபீல்டோடு 12 ரவுண்டும் நின்றார், புள்ளியில்தான் தோற்றார். 1994 நவம்பரில் 45 வயதில், கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு டிரவுஸரோடு ஏறி, ஹோலிஃபீல்டை ஜெயித்திருந்த 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் ஒரு குட்டையான வலது கையால் படுக்க வைத்தார். லாரி ஹோம்ஸும் அப்படித்தான். 42 வயதில், தோல்வி காணாத ஒலிம்பிக் தங்கம் ரே மெர்சரைப் புள்ளியில் ஜெயித்தார். 70களின் ஆட்கள் 90களில் தாத்தா வயதில் வந்து என்ன செய்தார்கள் என்பது எனக்குப் பெரிய சாட்சி.

ஆனால் ‘அவன் இவனை ஜெயித்தான், இவன் அவனை ஜெயித்தான்’ என்று சங்கிலி கோக்க வேண்டாம். கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்தார். நார்ட்டனை ஃபோர்மன் இரண்டு ரவுண்டில் முடித்தார். ஃபோர்மனை அலி முடித்தார். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பொருந்தாத பாணி, அவ்வளவுதான்.

ஒலிம்பிக் வீரர்களை ஏன் சேர்ப்பதில்லை?

கியூபாவின் டியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 76, 80 என்று மூன்று தங்கம் வாங்கினார், தொழில்முறைக்கு வரவே இல்லை. அவர் அலியோடு மோதியிருந்தால் என்று நினைத்து நானும் தூக்கம் கெட்டிருக்கிறேன். ஆனால் மூன்று ரவுண்டும் 15 ரவுண்டும் வேறு வேறு விளையாட்டு. தனிப் பட்டியல்தான் நியாயம்.

பெண்கள்?

கிளாரெஸா ஷீல்ட்ஸ், கேட்டி டெய்லர், அமண்டா செரானோ என்று இப்போதுதான் உச்சத்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் காலம் வந்திருக்கிறது. 2022-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டெய்லரும் செரானோவும் மோதிய பத்து ரவுண்டு, அந்த வருஷத்தின் எந்த ஆண்கள் சண்டைக்கும் இளைத்ததில்லை. முந்தைய தலைமுறைகளுக்கு வளையமே மறுக்கப்பட்டதால் காலம் தாண்டி ஒப்பிட இன்னும் ஆள் சேரவில்லை.

இன்று சண்டை போடுகிறவர்களில் யார் அந்தப் பழைய வரிசையில் சேருவார்கள்?

உசிக் சேர்ந்துவிட்டார். குரூஸர்வெயிட்டில் எல்லா பெல்ட்டும் வாங்கி, ஹெவிவெயிட்டுக்கு வந்து ஜோஷுவாவை இரண்டு முறை, ஃப்யூரியை இரண்டு முறை, 2025-ல் துபுவாவை மறுபடி. எதிராளி வீட்டுக்கே போய் அடிக்கிற ஆள், பழைய ரத்தம். டெரன்ஸ் கிராஃபோர்டு 2025 செப்டம்பரில் எடை ஏறிப்போய் கனேலோவை ஜெயித்தது, ராபின்சன் மேக்ஸிமைத் தேடிப்போன அதே துணிச்சல். அதே வருஷம் டிசம்பரில் அவர் ஓய்வை அறிவித்துவிட்டார், ஆனாலும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார். ஜப்பானின் நவோயா இனோவேயை முடிந்தால் நேரலையில் பாருங்கள். அவர் விலாவில் விடும் இடது ஹூக்கை (வளைத்து விடும் குத்து), இருபது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்போம்.

நான் புதுசு. எதில் தொடங்கிப் பார்க்கலாம்?

1957 மே 1, சிகாகோ ஸ்டேடியம், ராபின்சனும் ஜீன் ஃபுல்மரும். ஜனவரியில் இதே ஃபுல்மரிடம்தான் ராபின்சன் பட்டத்தை இழந்திருந்தார். வயது 36-ஐ எட்டப் போகிறது, எல்லோரும் அவரை முடிந்துபோனவர் என்றார்கள். ஃபுல்மர் கல் மாதிரி ஆள், அதுவரை யாரும் அவரை எண்ணிக்கை முடியும் வரை தரையில் வைத்ததில்லை.

ஐந்தாவது ரவுண்டுக்குப் போங்கள். ராபின்சன் வலது கையை ஃபுல்மரின் வயிற்றுப் பக்கம் விடுகிறார், மறுபடி விடுகிறார். பெரிய குத்து இல்லை, விசாரிக்கிற மாதிரி. ஃபுல்மரின் கைகள் வயிற்றைக் காக்க ஒரு சாண் இறங்குகின்றன. அந்த ஒரு சாணைத்தான் ராபின்சன் நான்கு ரவுண்டாகத் தேடிக்கொண்டிருந்தார். ஃபுல்மர் முன்னால் சாய்ந்து வருகிறார், ராபின்சன் பின்னால் போகிறார். போகிற போக்கில், காலை முழுசாக ஊன்றக்கூட இல்லாமல், இடது கை ஒரு குட்டை வளைவில் வந்து தாடையில் விழுகிறது. சத்தம் படத்தில் சரியாகக் கேட்காது. ஃபுல்மர் எழப் பார்க்கிறார், கயிற்றைப் பிடிக்கப் பார்க்கிறார், கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ரெஃபரி பத்து எண்ணி முடிக்கிறார். வேகத்தைப் பாதியாகக் குறைத்து ராபின்சனின் காலை மட்டும் ஒரு முறை பாருங்கள், அப்புறம் ஃபுல்மரின் வலது கையை மட்டும் ஒரு முறை.